நான்சி லிங்கன் கல்லறை இருக்கும் மேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இடுகாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் தென்பகுதியில், ஸ்பென்சர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது), லிங்கன் சிட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டி மரங்கள் அடர்ந்த ஒரு சின்ன மேடு. ஆபிரகாம் லிங்கன் ஏழு வயதில் வந்து இருபத்தொரு வயது வரை வளர்ந்த பண்ணை இங்கேதான் இருந்தது. அவர்களுடைய மரவீடு நின்ற இடத்திலிருந்து தெற்கே கால் மைல் நடந்தால் அந்த மேடு வரும். லிங்கனின் தாய் நான்சியை 1818ல் அங்கே புதைத்தார்கள். இன்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ள லிங்கன் பாய்ஹுட் நேஷனல் மெமோரியலுக்குள் அந்த இடம் இருக்கிறது.

போகிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதைச் சுற்றி வேறு பலரும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே நோயில், ஒரே இலையுதிர் காலத்தில், ஒருவருக்கு ஒருவர் பணிவிடை செய்து, ஒருவர் பின் ஒருவராகப் போனவர்களும் அவர்களில் உண்டு. அந்த மற்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடுகாடு புரியும். இந்தப் பக்கத்தை எழுதக் காரணமும் அதுதான்.

லிங்கன் குடும்பம் அங்கே எப்படி வந்தது?

அவர்கள் முதலில் கென்டக்கியில் இருந்தார்கள். அப்பா தாமஸ் லிங்கன் விவசாயி, தச்சரும்கூட. கென்டக்கியில் நிலப் பத்திரங்கள் பெரும் குழப்பம். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கோருவார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்கு வழக்குதான் மிஞ்சும். தன் குடும்பம் கென்டக்கியை விட்டுக் கிளம்பியதற்கு அடிமை முறை ஒரு பகுதிக் காரணம், நிலப் பத்திரச் சிக்கல்தான் முக்கியக் காரணம் என்று லிங்கனே பின்னாளில் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

1816 டிசம்பரில் ஒஹையோ ஆற்றைக் கடந்து வந்தார்கள். அதே மாதம்தான் இந்தியானா தனி மாநிலம் ஆனது. அடிமை முறைக்கு அங்கே இடமில்லை. நிலத்தை அரசாங்கமே அளந்து ஏக்கர் இரண்டு டாலருக்கு விற்றது. 1817ல் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் 160 ஏக்கருக்கு முன்பணம் கட்டினார் தாமஸ். கடைசியில் அவரால் முழுப் பணம் கட்ட முடிந்தது 80 ஏக்கருக்குத்தான், அதுவும் 1827ல். பத்து வருட உழைப்பு அது. நிலம் என்று சொன்னாலும் அப்போது அது வெறும் காடு. சூரிய வெளிச்சம் தரையில் படவேண்டுமென்றால் முதலில் மரத்தை வெட்டவேண்டும். அந்த ஏழு வயதுப் பையன் கையிலும் ஒரு கோடரியைக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் அந்த மண்ணில் யாரும் இல்லையா?

இருந்தார்கள். டெலவேர், பியாங்கஷா போன்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. 1804ல் வின்சென்ஸில் போடப்பட்ட ஒப்பந்தங்கள் மூலம் அமெரிக்க அரசு அதை எடுத்துக்கொண்டு பிறகு அளந்து விற்றது. ‘முதல் குடியேறிகள்’ என்று பலகைகளில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்திலும் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறேன். வேறு பெயர் வழக்கில் இல்லை.

அந்த மேட்டில் புதைக்கப்பட்டவர்களில் யார் யாரைத் தெரியும்?

1818 செப்டம்பரில் தாமஸ் ஸ்பாரோ, அவர் மனைவி எலிசபெத். எலிசபெத், நான்சியுடைய தாயின் சகோதரி. நான்சியைச் சிறுவயதில் வளர்த்தவர்கள் இந்தத் தம்பதிதான். அவர்களைப் பொறுத்தவரை நான்சி வளர்ப்பு மகள். 1817 இலையுதிர் காலத்தில் அவளைத் தேடிக்கொண்டு கென்டக்கியிலிருந்து வந்தார்கள். கூடவே டென்னிஸ் ஹாங்க்ஸ் என்ற பதினெட்டு வயது உறவுக்காரப் பையனும் வந்தான். லிங்கன் வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று பக்கம் அடைப்பும் ஒரு பக்கம் திறப்புமாக ஒரு கொட்டகை இருந்தது. திறந்த பக்கம் இரவும் பகலும் நெருப்பு எரியும். அதில்தான் தங்கினார்கள். வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

அவர்களுக்கு அடுத்து, அக்கம்பக்கத்து வேட்டைக்காரர் பீட்டர் ப்ரூனரின் மனைவி. அவள் பெயரும் நான்சிதான். அவள் இறந்து ஒரு வாரத்துக்குள் நான்சி லிங்கனும் இறந்தாள், 1818 அக்டோபர் 5. வயது 34.

இந்த நால்வர் பெயரை உறுதியாகச் சொல்லலாம். பிற்பாடும் அக்கம்பக்கத்தார் அங்கே புதைத்து வந்தார்கள். அந்தக் கல்லறைகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்துப் பொறித்த கல் கிடையாது.

அவர்கள் எல்லோரும் எந்த நோயில் இறந்தார்கள்?

அதற்கு ‘பால் நோய்’ என்று பெயர். அந்தக் காலத்தில் ஒஹையோ ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் மக்கள் இதன் பெயரைக் கேட்டாலே பயந்தார்கள். சில இடங்களில் நோய் பரவியதும் ஊரையே காலி செய்துவிட்டுப் போனார்கள்.

காரணம் ஒரு செடி. ஒயிட் ஸ்னேக்ரூட் என்பார்கள். காட்டு ஓரங்களிலும் மர நிழலிலும் இடுப்பளவு வளரும். இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். கோடை முடியும் சமயத்தில் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ பூக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். புல் நன்றாக இருக்கும் வரை மாடு அதைத் தொடாது. வெயிலில் புல் காய்ந்ததும் மாடுகள் நிழலைத் தேடிக் காட்டுக்குள் போகும், கிடைத்ததை மேயும். அந்தக் குடியேறிகளிடம் வேலி போட்ட மேய்ச்சல் நிலம் கிடையாது. மாட்டை அவிழ்த்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். செடியைத் தின்ற மாட்டுக்கும் கன்றுக்கும் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். ஆனால் கறவை மாட்டுக்குச் சில சமயம் எந்த அறிகுறியும் தெரியாது, நஞ்சு பால் வழியாக வெளியேறிவிடும். நல்ல மாட்டின் பால் என்று நம்பி வீட்டில் குடிப்பார்கள், வெண்ணெய் எடுப்பார்கள். முதலில் சோர்வு, பிறகு விடாத வாந்தி, வயிற்று வலி, மூச்சில் ஒரு வித வாடை. நாக்கு வறண்டு, நினைவு தப்பி, சில நாட்களில் மரணம்.

அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பாலில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. ஆகாயத்தில் வரும் நச்சுக் காற்று என்றார்கள், மண்ணில் உள்ள உலோகம் என்றார்கள். 1830களிலேயே இல்லினாய்ஸில் மருத்துவம் பார்த்து வந்த அன்னா பிக்ஸ்பி என்ற பெண், ஷானி இனத்து மூதாட்டி ஒருத்தி காட்டிக் கொடுத்து இந்தச் செடிதான் காரணம் என்று அறிந்துகொண்டாள், ஊரெல்லாம் அதைப் பிடுங்கச் செய்தாள் என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள். அவள் சொன்னதை மருத்துவ உலகம் காதில் வாங்கவில்லை. செடியிலிருந்து ‘டிரெமெட்டால்’ என்ற நச்சைப் பிரித்தெடுத்து, வேளாண் துறை ஆய்வாளர் ஜேம்ஸ் கௌச் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியபோது 1920களின் கடைசி ஆகிவிட்டது. நான்சி இறந்து நூறு வருடத்துக்கும் மேல்.

காய்ச்சிக் குடித்திருந்தால் பிழைத்திருப்பார்களா?

நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இல்லை. இது கிருமி இல்லை, செடியின் நஞ்சு. பாஸ்டுரைஸ் செய்தாலும் போகாது. இன்று இந்த நோய் அரிதாகிவிட்டதற்குக் காரணம் வேறு. மாடுகள் காட்டில் மேய்வதில்லை. பல பண்ணைகளின் பால் ஒன்றாகக் கலப்பதால் ஏதோ ஒரு மாட்டின் நஞ்சும் நீர்த்துப் போகிறது.

நான்சிக்கு நோய் எப்படி வந்தது?

ஸ்பாரோ தம்பதிக்கும், ப்ரூனரின் மனைவிக்கும் நோயில் பணிவிடை செய்தது நான்சி. அது தொற்றுநோய் இல்லை என்று இன்று நமக்குத் தெரியும்; எல்லோரும் ஒரே காட்டில் மேய்ந்த மாடுகளின் பாலைத்தான் குடித்தார்கள். ஆனால் அவளுக்கு அது தெரியாது. தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தோடுதான் அந்தக் கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றி நான் படித்ததில் மனதில் மிகவும் பதிந்தது இதுதான். ஜனாதிபதியின் தாய் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் நோயாளி கிடந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்காராதவள் என்பது அதில் இல்லை.

படுத்து ஒரு வாரம்தான். கூப்பிடு தூரத்தில் மருத்துவர் யாரும் இல்லை. பதினோரு வயது மகள் சாரா, ஒன்பது வயது மகன் ஆபிரகாம். இருவரையும் கூப்பிட்டு, அப்பாவிடமும் ஒருவரிடம் ஒருவரும் அன்பாக இருக்கச் சொன்னாள் என்று டென்னிஸ் ஹாங்க்ஸ் முதிய வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடக்கம் எப்படி நடந்தது?

அந்த இலையுதிர் காலத்தில் சவப்பெட்டி செய்ய ஆள் தேடவேண்டிய தேவை இல்லை, தாமஸ் தச்சர். பலகை அறுத்துப் பெட்டி செய்தார். ஆணி அபூர்வம், பலகைகளை மர முளைகளால் இணைப்பார்கள். அந்த முளைகளைச் சீவிக் கொடுத்தது ஒன்பது வயது ஆபிரகாம் என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். தன் அம்மாவின் பெட்டிக்கு. பக்கத்தில் உட்கார்ந்து அப்பா இழைக்க, பையன் கத்தியால் குச்சி குச்சியாகச் சீவுகிறான். வீடு ஒற்றை அறைதான், அம்மாவின் உடல் அதற்குள்.

பெட்டியை மேட்டுக்குக் கொண்டுபோய், சில நாட்களுக்கு முன்புதான் தோண்டி மூடிய கல்லறைகளுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ப்ரூனரின் மகன் ஹென்றி அப்போது சிறுவன், கூட நின்றிருந்தான். குழியை மூடி முடித்ததும் தன் அப்பா பீட்டர், தாமஸ் லிங்கனின் கையைப் பிடித்து, ‘இனி நாம் சகோதரர்கள்’ என்றார் என்று முதுமையில் சொன்னான். ஒரு வார இடைவெளியில் மனைவியை இழந்த இரண்டு ஆண்கள், இரண்டு வீட்டிலும் தாயில்லாப் பிள்ளைகள். இந்த இடுகாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கைப்பிடிப்புதான். அது எந்தக் கல்லிலும் இல்லை.

அடக்க ஆராதனை நடந்ததா?

அன்று இல்லை. அங்கே அப்போது போதகர் கிடையாது. நம்மூரில் அடக்கம் ஒரு நாள், காரியம் பதினாறாம் நாள் என்று வைப்பதுபோல அங்கேயும் அடக்கமும் ஆராதனையும் தனித்தனி. ஆனால் ஆராதனை எப்போது என்பது போதகர் வரும் நாளைப் பொறுத்தது. மாதக் கணக்கில் காத்திருப்பார்கள். கென்டக்கியில் அவர்களுக்குப் பழக்கமான டேவிட் எல்கின் என்ற பாப்டிஸ்ட் போதகர் பிற்பாடு அந்தப் பக்கம் வந்தபோது, அக்கம்பக்கத்தார் கூடிவர, மேட்டில் நின்று ஆராதனை நடத்தினார். அவரை வரச்சொல்லிக் கடிதம் எழுதியது சிறுவன் ஆபிரகாம்தான், அதுதான் அவன் எழுதிய முதல் கடிதம் என்று ஒரு கதை உண்டு. கதையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ஒரு கல்கூட வைக்கவில்லை?

வைத்திருப்பார்கள், எழுத்து இல்லாத கல். அந்தக் காலத்துக் குடியேறிகள் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று கைக்குக் கிடைத்த கற்களை நட்டார்கள். கல்லில் எழுத்து வெட்ட ஆள் வேண்டும், காசு வேண்டும். தாமஸால் தன் பெயரை மட்டும் தட்டுத்தடுமாறி எழுத முடியும். நான்சி பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி போட்டவள். எழுத்து வெட்டாததை அலட்சியம் என்று சொல்வது நியாயம் இல்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அக்கம்பக்கத்தாருக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம் ஒரு தலைமுறை தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

குடியேறிகள் ஓர் இடத்தில் நிலைக்காததும் ஒரு காரணம். தாமஸ் 1819 டிசம்பரில் கென்டக்கி போய், சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற கைம்பெண்ணை மணந்து அழைத்து வந்தார். பிள்ளைகளை அன்பாக வளர்த்தவள் அவள். 1830ல், பால் நோய் மறுபடி வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும், குடும்பம் மொத்தமும் வண்டி கட்டிக்கொண்டு இல்லினாய்ஸ் போய்விட்டது. பண்ணை கைமாறியது. மேடு மட்டும் அங்கேயே இருந்தது.

மகன் பெரிய ஆளான பிறகாவது வந்து பார்த்தாரா?

1844ல் அந்தப் பகுதிக்கு வந்தார். ஹென்றி க்ளேயின் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்காக. தாயும் ஒரே சகோதரியும் புதைக்கப்பட்ட அந்த ஊருக்குப் பதினைந்து வருடம் கழித்துப் போனதைப் பற்றி 1846ல் ஒரு நண்பருக்கு எழுதினார். அந்தப் பயணம் தன்னைக் கவிதை எழுதவும் வைத்தது என்று அதில் சொன்னார். கல் வைக்கவில்லை.

இதற்காக அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அப்பா தாமஸ் 1851 ஜனவரியில் இல்லினாய்ஸில் இறந்தபோதும் லிங்கன் போகவில்லை. ஜனாதிபதிப் பதவி ஏற்க வாஷிங்டன் கிளம்பும் முன், 1861ல், சிற்றன்னையைப் பார்க்கப் போனபோதுதான் அப்பாவின் கல்லறைக்குப் போனார். ஒருவன் தன் பெற்றோரின் சாவை எப்படிச் சுமந்தான் என்று நாம் வெளியிலிருந்து கணக்குப் போட முடியாது என்பது என் எண்ணம். ஒன்பது வயதில் முளை சீவிய பையன் அவர்.

இப்போது இருக்கும் கல்லை யார் வைத்தார்கள்?

1865ல் லிங்கன் சுடப்பட்டு இறந்த சில மாதங்களில், அவருடைய வழக்கறிஞர் தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் அந்த ஊருக்கு வந்தார். பழைய அக்கம்பக்கத்தாரைத் தேடித் தேடிப் பேசினார், மேட்டுக்கும் போனார். கல்லறை அடையாளமே இல்லாமல் கிடந்தது. 1874ல் பக்கத்து ஊரான ராக்போர்ட்டைச் சேர்ந்த ஒருவர் சின்னக் கல் ஒன்று வைத்தார். அது நிலைக்கவில்லை.

1879ல் வந்ததுதான் இன்று நிற்கும் கல். சவுத் பெண்ட் ஊரில் வண்டித் தொழிற்சாலை நடத்திய ஸ்டூடிபேக்கர் சகோதரர்களில் ஒருவரான பீட்டர், கல்லறை கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கேள்விப்பட்டுப் பணம் கொடுத்தார். (அதே நிறுவனம்தான் பிற்பாடு ஸ்டூடிபேக்கர் கார் செய்தது.) தன் பெயர் வரக்கூடாது என்பது அவர் விருப்பம். அதனால் கல்லில் பெயர், இறந்த நாள் எல்லாம் பொறித்து, கீழே ‘உயிர்த்தியாகியான அவள் மகனின் நண்பர் ஒருவர் நாட்டியது, 1879’ என்று மட்டும் போட்டார்கள். சுற்றிலும் இரும்பு வேலி போட உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். மேற்கு நோக்கிப் போன எத்தனையோ குடியேறிக் குடும்பங்களுக்கு வண்டி செய்து விற்றவர், அப்படி வந்த ஒருத்திக்குக் கல் வைத்தது பொருத்தமாகவே இருக்கிறது.

கல்லில் வயது 35 என்று இருக்கும். 34 என்பதே சரி. நேரில் பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

கல் இருக்கும் இடம்தான் உண்மையான கல்லறையா?

ஏறத்தாழ. 1870களில் உயிரோடு இருந்த முதியவர்கள் அறுபது வருடத்துக்கு முந்தைய நினைவை வைத்துக் காட்டிய இடம் அது. நினைவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்த மேட்டில்தான் இருக்கிறாள் என்பதில் ஐயமில்லை. கல்லுக்கு நேர் கீழே என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பக்கத்தில் ஸ்பாரோ தம்பதி இருக்கலாம், ப்ரூனரின் மனைவி இருக்கலாம். தோண்டிப் பார்த்து உறுதி செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அந்தக் கல்லை மேடு முழுவதற்கும் உரியதாக எடுத்துக்கொள்வதுதான் சரியாக இருக்கும்.

சிங்கச் சிலைகள் இருந்தனவாமே?

ஆமாம். 1902ல், ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள லிங்கனின் சமாதியைப் புதுப்பித்தபோது மிஞ்சிய கல்லைக் கொண்டு கல்வர் என்ற ஒப்பந்தக்காரர் ஒரு பெரிய நினைவுக் கல் செய்து இங்கே வைத்தார். 1907ல் மாநில அரசு இடத்தைப் பராமரிக்க ஒரு குழு அமைத்தது. குழு கையில் காசு வந்ததும் அலங்காரமும் வந்தது. ஒப்பனை வேலி, வாசல், சிங்கம், கழுகு. ஏழைத் தச்சரின் மனைவி படுத்திருக்கும் இடத்துக்கு அரண்மனை வாசல். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனாலும் அது எனக்கு ஒப்பவில்லை.

அது ஒப்பாத இன்னொருவர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் ஜூனியர், புகழ்பெற்ற நிலவனப்பு வடிவமைப்பாளர். 1927ல் அவரிடம் திட்டம் கேட்டார்கள். அலங்காரம் எல்லாவற்றையும் எடுங்கள், சாலையைத் தள்ளுங்கள், அந்த வட்டாரத்து மரங்களையே நடுங்கள், கல்லறை எளிமையாக இருக்கட்டும் என்றார். அப்படியே செய்தார்கள். பண்ணை நிலத்தின் மேல் 1870களில் ரயிலை நம்பி எழும்பிய லிங்கன் சிட்டியின் கட்டடங்களில் பலவற்றையும் அகற்றினார்கள். ஒரு நீண்ட புல்வெளிப் பாதை, இருபுறமும் மரம், பாதை முடிவில் மேடு. 1962ல் தேசிய நினைவிடம் என்று அறிவித்தார்கள்.

குடும்பத்தில் மற்றவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள்?

யாரும் ஒன்றாக இல்லை. ஆபிரகாமுக்குப் பின் பிறந்து கைக்குழந்தையாகவே இறந்த தம்பி தாமஸ் கென்டக்கியில், நாப் கிரீக் பக்கம் ரெட்மன் என்ற வேறொரு குடும்பத்தின் சிறு இடுகாட்டில். அங்கே ‘டி.எல்.’ என்று இரண்டெழுத்து வெட்டிய சின்னக் கல் ஒன்று 1933ல்தான் கண்டெடுக்கப்பட்டது. அக்கா சாரா, ஆரன் க்ரிக்ஸ்பி என்பவரை மணந்து, 1828 ஜனவரி 20 அன்று பிரசவத்தில் இறந்தாள். இருபத்தொன்று இன்னும் நிறையவில்லை. குழந்தையும் பிழைக்கவில்லை. லிட்டில் பிஜன் பாப்டிஸ்ட் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவள் இருக்கிறாள். அம்மாவின் மேட்டிலிருந்து அதிக தூரமில்லை, இன்றைய லிங்கன் மாநிலப் பூங்காவுக்குள். தாமஸும் இரண்டாம் மனைவி சாரா புஷ்ஷும் இல்லினாய்ஸில் சார்ல்ஸ்டன் அருகே ஷைலோ இடுகாட்டில். ஆபிரகாம் அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில்.

மூன்று மாநிலம், ஐந்து இடம். நிலம் தேடி நகர்ந்துகொண்டே இருந்த குடும்பங்களுக்குக் கல்லறைகள் இப்படித்தான் வழி நெடுகச் சிதறும். நான்சியின் மேட்டுக்குப் போகிறவர்கள் சாராவின் கல்லறையையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலானோர் போவதில்லை.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

எவான்ஸ்வில் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதலில் நினைவு மண்டபம்; அந்தப் பகுதிச் சுண்ணாம்புக் கல்லில் லிங்கனின் வாழ்க்கையைச் செதுக்கிய ஐந்து பெரிய பலகைகள் முகப்பில் இருக்கும். அங்கிருந்து புல்வெளிப் பாதை வழியாக மேட்டுக்கு ஏறலாம். மரவீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் அடிக்கட்டைகளையும் கணப்பையும் வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். 1968ல் தொடங்கிய மாதிரிப் பண்ணையும் உண்டு.

மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் காட்டுக்குள் ‘பன்னிரண்டு கற்களின் பாதை’ போகிறது. லிங்கன் பிறந்த இடம், வெள்ளை மாளிகை, கெட்டிஸ்பர்க், அவர் உயிர் பிரிந்த வீடு என்று வாழ்க்கையோடு தொடர்புள்ள இடங்களிலிருந்து கொண்டுவந்த கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கோடை முடிவில் போனால் பாதை ஓரத்தில் வெள்ளைப் பூக்கொத்து ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். ஒயிட் ஸ்னேக்ரூட் அந்தக் காடுகளில் இன்றும் வளர்கிற செடிதான். தொட்டால் ஒன்றும் ஆகாது, பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதுபோன்ற சின்னக் குடும்ப இடுகாடுகள் வேறு எங்கும் உண்டா?

ஏராளம். இந்தியானா, ஒஹையோ, கென்டக்கி, இல்லினாய்ஸ் பக்கம் சாலையில் போகும்போது சோளக் காட்டின் நடுவே நாலைந்து மரங்கள் மட்டும் தனியாக நின்றால், அதற்கடியில் இடுகாடு இருக்க வாய்ப்பு அதிகம். உழுகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். கல் சாய்ந்து மண்ணுக்குள் போயிருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு: வரிசையாகக் கிழக்கு மேற்காக நீண்ட பள்ளங்கள், பழைய சிடார் மரம், வின்கா என்ற நீலப் பூக் கொடி தரையெங்கும் படர்ந்திருப்பது. காட்டுக்குள் அந்தக் கொடியைக் கண்டால் யாரோ எப்போதோ கையால் நட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கால்மாடு கிழக்கே இருக்கும்படி புதைப்பது வழக்கம்.

இந்தியானாவில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1939 பிப்ரவரி 28க்கு முன் ஏற்பட்டு, பராமரிப்புக்கு நிதி இல்லாமல் கிடக்கும் இடுகாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகிக்கு. இடுகாட்டிலிருந்து 100 அடிக்குள் கட்டடம் கட்ட மண்ணைத் தோண்டுவதென்றால் மாநில இயற்கை வளத் துறையின் ஒப்புதல் வேண்டும். சட்டம் இருந்தும் இடுகாடுகள் அழிந்துகொண்டுதான் இருக்கின்றன. இடுகாடு அங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

அப்படி ஒன்றைக் கண்டால் நான் என்ன செய்யலாம்?

முதலில் நில உரிமையாளரிடம் கேளுங்கள். பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருக்கும். பிறகு படம் எடுங்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எழுத்துத் தெரியவேண்டும் என்று சாக்பீஸ், மாவு தேய்க்காதீர்கள். கம்பித் தூரிகை, பிளீச் இரண்டும் கூடவே கூடாது, பழைய சலவைக்கல் பொடிப்பொடியாக உதிரும். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், அதுவும் கல் உறுதியாக நின்றால் மட்டும். விழுந்த கல்லை நீங்களே தூக்கி நிறுத்த வேண்டாம். எழுத்தில்லாத வெறும் கல்லாக இருந்தாலும் இருந்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள், அதுவும் யாரோ ஒருவருடைய தலைமாடு. படத்தையும் இடத்தையும் கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுங்கள். மாநிலத்தின் இடுகாட்டுப் பதிவேட்டில் அது ஏற்கெனவே இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.